வீடியோ கேமரா வாங்குமுன்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, இப்பகுதியில் திருமணங்களையும் திருவிழாக்களையும் வீடியோ எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் பதில் சொல்கிறார்.

பென்னாகரம்: ஐயா, எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிந்துதான் முடியும். முழுவதையும் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?

கல்யாண வீடியோவெல்லாம் சுலபம், தம்பி. கேமராவின் யோக்கியதை கூத்தில்தான் தெரியும்.

முதலில் நேரம். புகைப்படத்துக்கென்று செய்யப்பட்ட பழைய கேமராக்கள் பலவற்றில் வீடியோ 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். துரியோதனன் சபையில் எழுந்து நிற்கிறபோதுதான் அது நிற்கும். ஆகவே வீடியோவுக்கென்றே செய்த கையடக்கக் கேமரா, அதாவது ஹேண்டிகேம் வகையே உங்களுக்குச் சரி.

அடுத்தது இடம். 4கே தரத்தில் விநாடிக்கு 100 மெகாபிட் என்று பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி ஓடிவிடும். எட்டு மணி நேரத்துக்கு 360 ஜிபி. ஃபுல் எச்டியில் 24 மெகாபிட் வைத்தால் மணிக்குச் சுமார் 11 ஜிபிதான். 128 ஜிபி கார்டு ஒன்றிலேயே இரவு முழுவதும் அடங்கும். கூத்துக்கு எனக்கு அதுவே போதும்.

மின்சாரத்துக்கு அடாப்டரைச் செருகி வைப்பீர்கள். ஜெனரேட்டர் நடுவில் நின்றால் என்ன ஆகும்? கடையிலேயே பேட்டரியைப் போட்டு, அடாப்டரையும் செருகிப் பதிவைத் தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அடாப்டரைப் பிடுங்குங்கள். பதிவு அறுபடாமல் ஓடினால்தான் அந்தக் கேமரா உங்களுக்கு. கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கடைசியாக ஒளி. சுற்றிலும் இருட்டு, நடுவில் பளீரென்ற விளக்கு, அதன் கீழே அரிதாரம் பூசிய முகம், கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம். தானியங்கி அமைப்பு இருட்டைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தைக் கூட்டும். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப்போகும், கண்ணுக்கு இட்ட மைகூடத் தெரியாது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, கையால் குறைக்க வசதியுள்ள கேமராவாகப் பாருங்கள். மெனுவுக்குள் ஏழு படி இறங்கித் தேட வேண்டியிருந்தால், அந்த வசதி இருந்தும் பயனில்லை.

கிருஷ்ணகிரி: மச்சான் அமெரிக்காவிலிருந்து வருகிறார். அங்கே கேமரா மலிவு என்கிறார். வாங்கிவரச் சொல்லலாமா?

சார்ஜரைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். பின்னை மாற்றினால் போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. நம் மண்டபங்களின் ட்யூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. விநாடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவுக்கு அந்தத் துடிப்பு ஒத்துவராது. படத்தில் வெளிச்சம் அலையலையாக ஏறி இறங்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அங்கே விற்கும் சில கேமராக்களில் விநாடிக்கு 50 படம் என்று மாற்றவே வழியிருக்காது. அந்த மாடலில் மாற்ற முடியுமா என்று மச்சானைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வாரண்டி இங்கே செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

காவேரிப்பட்டினம்: எருது விடும் விழாவை மாடியிலிருந்து எடுக்க வேண்டும். பெட்டியில் 200 மடங்கு ஜூம் என்று போட்டிருக்கிறார்களே?

அந்த எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். லென்ஸே பெரிதாக்கிக் காட்டும் ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 20 மடங்கு இருந்தால் தெருக்கோடி மாட்டின் கொம்பில் கட்டிய சலங்கைவரை வரும். மிச்சமெல்லாம் டிஜிட்டல் ஜூம், அதாவது எடுத்த படத்தையே இழுத்துப் பெரிதாக்குவது. கடை வாசலில் நின்று எதிர்க்கடைப் பெயர்ப்பலகையிலுள்ள தொலைபேசி எண்ணை முழு ஜூமில் படித்துப் பாருங்கள். அந்த ஜூமில் கையில் பிடித்து எடுக்க முடியாது. ட்ரைபாட் வாங்கும்போது, கேமராவைத் திருப்பும் தலைப்பகுதி ஃப்ளூயிட் ஹெட் வகையாக உள்ளதாகப் பாருங்கள். ஓடுகிற மாட்டைத் தொடர்ந்து திருப்பும்போது வெட்டி வெட்டி நகராமல் வழுக்கிக்கொண்டு போகும்.

பாலக்கோடு, ஆசிரியை: பள்ளி ஆண்டு விழாப் படம் நன்றாக வருகிறது. பேச்சு மட்டும் குகைக்குள் கேட்பதுபோல் இருக்கிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?

வேண்டாம், அம்மா. கேமரா கடைசி வரிசையில் நிற்கிறது. அதன் மைக்கும் அங்கேயேதான் நிற்கிறது. பேசுபவரின் மேசையில் ஒரு கைபேசியை வைத்து ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். தொடக்கத்தில் கேமராவுக்குத் தெரியும்படி ஒருவர் ஒருமுறை கை தட்டட்டும். பிறகு அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் கணினியில் பொருத்திவிடலாம். செலவே இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் மைக் துளை, ஹெட்போன் துளை இரண்டும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மைக் வேலை செய்யவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

ஓசூர்: என் கைபேசியே 4கே எடுக்கிறது. தனியாகக் கேமரா தேவையா?

குழந்தையின் பிறந்தநாள், ஒகேனக்கல் பயணம் என்றால் தேவையில்லை. ஒகேனக்கல்லில் சாரல் அடிக்கும் இடத்தில் சாதாரண ஹேண்டிகேமைவிட நீர் புகாத கைபேசியே மேல். தூரத்தில் நடப்பதையோ மணிக்கணக்கில் நடப்பதையோ எடுப்பவராக இருந்தால் மறுபடி எழுதுங்கள்.

தருமபுரி: பெங்களூரு போய் வாங்கினால் விலை குறையுமா?

வரி குறைவு என்று போனால் ஏமாறுவீர்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே வரிதான். நாலைந்து மாடல்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பதற்காகப் போகலாம். 'பில் இல்லாமல் தருகிறேன்' என்றால் திரும்பி நடங்கள். மெமரி கார்டை எங்கே வாங்கினாலும் வீட்டில் ஒருமுறை முழுதாக நிரப்பி, திரும்ப எடுத்துப் பாருங்கள். 128 என்று அச்சிட்டு உள்ளே 16 மட்டும் வைத்த போலிகள் உண்டு; நிரம்பியபின் எழுதுவதெல்லாம் காற்றோடு போகும். 4கே எடுப்பதானால் கார்டில், எழுதும் வேகத்தைக் காட்டும் வி30 என்ற குறி இருக்கட்டும்.

அரூர்: பழைய ஹேண்டிகேம் ஒன்று விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது?

லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் வெள்ளை இழைகள் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். லென்ஸை மூடியபடி ஒரு நிமிடம் பதிவு செய்து டிவியில் போடுங்கள். கறுப்புத் திரையில் அசையாத வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் இருந்தால் சென்சார் பழுது. திரையைத் திறந்து மூடித் திருப்புங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே கேபிள் தேய்ந்திருக்கிறது. பேட்டரியை மேசைமேல் வைத்துச் சுழற்றுங்கள். பம்பரம்போல் சுற்றினால் உப்பியிருக்கிறது. கேசட் போடும் வகையா என்றும் கேளுங்கள். அப்படியானால் படத்தைக் கணினிக்கு மாற்றப் பெரும்பாலும் கணினியில் ஃபயர்வயர் என்ற பழைய வகைக் கேபிளுக்கான துளை வேண்டும். இன்றைய மடிக்கணினிகளில் அது கிடையாது. இலவசமாகத் தந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.