அத்தானின் பெட்டிகளுக்காக மேல் கேரியர்: நகைக்கடனைக் கூட்டி வைக்கலாமா?

கேள்வி: கருங்கல் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். வயது 46. பிடித்தம் போகக் கைக்கு வருவது 82,000 ரூபாய். அப்பா, அம்மா, மனைவி, மூன்று பிள்ளைகள் என்று வீட்டில் ஏழு பேர். மூன்று வருடத்துக்கு முன் ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்.யூ.வி. வாங்கினோம். 12 லட்சம் கடன், 9.75% வட்டி, ஏழு வருடம், மாதத் தவணை 19,800. மூன்றாவது வரிசையை விரித்துவிட்டால் பின்னால் இரண்டு பை வைக்கக்கூட இடம் இல்லை. அக்காவின் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நான்தான் வண்டி கொண்டு போகிறேன். "இவ்வளவு பெரிய வண்டி வச்சிருக்க, மேல ஒரு கேரியர் போட்டா என்ன?" என்று வரும்போதெல்லாம் சொல்கிறார். வருடம் ஒரு தடவை வேளாங்கண்ணிக்கும் குடும்பத்தோடு போவோம். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் நீளமான இரும்புக் கேரியர், பின்பக்க ஏணி, மேலே எல்.இ.டி. விளக்கு எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய் சொன்னார்கள். மனைவியின் 9 பவுன் நகை வங்கியில் இருக்கிறது. வண்டி வாங்கும்போது 60,000-க்கு வைத்தது. அடுத்த வருடம் 1,10,000 ஆனது, போன வருடம் 1,85,000 ஆனது. வட்டி 9.5%. அடுத்த மாதம் கெடு. தங்கம் விலை ஏறியிருப்பதால் கூட்டி வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மாதம் 5,000 சீட்டு கட்டுகிறேன்; இன்னும் நான்கு மாதம் பாக்கி, எடுக்கவில்லை, 95,000 அளவுக்கு வரும். நண்பர் சொல்லி, வெள்ளி இ.டி.எஃப்.-இல் (வெள்ளி விலையோடு ஏறி இறங்கும், பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் நிதி) ஏழு மாதமாக மாதம் 5,000 போடுகிறேன். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எந்தக் கேரியர் வாங்கலாம்?

பதில்: கேரியருக்குப் பிறகு வருகிறேன், சார். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 60,000, 1,10,000, 1,85,000 என்ற மூன்று எண்கள்தான். அதற்கு அடுத்த எண்ணை நானே எழுதிவிடுகிறேன். ஒரு வருட வட்டி சுமார் 17,500, கேரியர் 72,000, பழைய அசல் 1,85,000. ஆக 2,74,500. அடுத்த மாதம் நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் தொகை இது.

இந்த மூன்று வருடத்தில் அசலில் ஒரு ரூபாய்கூட நீங்கள் குறைக்கவில்லை. வட்டியையும் சம்பளத்திலிருந்து கட்டவில்லை. முதல் வருட வட்டி 5,700, இரண்டாம் வருட வட்டி 10,500 இரண்டும் அந்த 1,85,000-க்குள் அசலாக உட்கார்ந்திருக்கின்றன. அதாவது 16,000 ரூபாய்க்கு மேற்பட்ட பழைய வட்டிக்கும் சேர்த்து இப்போது வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கெடு நாளன்று காலையில் யாரிடமாவது கைமாற்று வாங்கிப் பழைய கடனை முடிப்பது, மதியமே அதே நகையைக் கூடுதல் தொகைக்கு வைப்பது, கைமாற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு வீட்டுக்கு வருவது. நகை மேஜையைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. வீட்டில் கேட்டால் 'புதுப்பித்துவிட்டேன்' என்று சொல்லிவிடலாம்.

கூட்டித் தருகிறோம் என்று வங்கி சொல்வதற்குக் காரணம் தங்கத்தின் விலை. உங்கள் சம்பளம் அதே 82,000-தான். 9 பவுனுக்கு இன்றைய விலையில் இன்னும் பல மடங்கு கடன் கிடைக்கும், அதுதான் ஆபத்து. வங்கி 'போதும்' என்று சொல்லப்போவதில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2,74,500-ஐ இதே முறையில் இன்னும் மூன்று வருடம் புதுப்பித்துக்கொண்டே போனால், புதிதாக ஒரு பைசா வாங்காமலேயே 3,60,000 ஆகிவிடும். உங்கள் பழக்கத்தைப் பார்த்தால் புதிதாக வாங்காமலும் இருக்க மாட்டீர்கள். நகை உங்கள் மனைவியுடையது. நாளைக்குப் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அவசரமாகப் பணம் தேவைப்படும்போது அந்த 9 பவுன்தான் கை கொடுக்க வேண்டும். அதைக் காரின் கூரைக்கு ஏன் செலவழிக்கிறீர்கள்?

அடுத்த மாதம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடனைக் கூட்டாதீர்கள். வட்டி 17,500-ஐக் கையிலிருந்து கட்டி, அதே 1,85,000-க்கு மட்டும் புதுப்பியுங்கள். அந்தப் பணத்துக்கு வெள்ளி இ.டி.எஃப்.-இல் போட்டிருக்கும் 35,000-இல் பாதியை விற்றுவிடுங்கள். இன்னும் ஏறும் என்று நண்பர் சொல்வார். ஏறலாம், இறங்கவும் செய்யலாம். தங்கத்தைவிட வெள்ளி வேகமாக இரண்டு பக்கமும் ஆடக்கூடியது. 9.5% வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு, எல்லோரும் பேசுகிறார்கள் என்பதற்காக ஒன்றில் மாதாமாதம் போடுவது சேமிப்பு ஆகாது. அந்த மாத 5,000-ஐ நிறுத்தி நேரே நகைக்கடனில் கட்டுங்கள். புதுப்பிக்கும்போதே, இடையில் பகுதிப் பணம் கட்டினால் அசலில் கழிப்பார்களா, அதற்குக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

நான்கு மாதத்தில் இப்படி 20,000 போயிருக்கும். சீட்டு முடிந்து வரும் 95,000-ஐ முழுதாக அதே கணக்கில் கட்டுங்கள். வேறு எந்தச் செலவும் அதன் மேல் கண் வைக்க வேண்டாம். இடையில் சேரும் வட்டியையும் கணக்கில் எடுத்தால் 75,000 சொச்சம் மிஞ்சும். அதன் பிறகு சீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த 5,000, வெள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த 5,000, இரண்டும் சேர்த்து மாதம் 10,000. எட்டு மாதம். ஏறக்குறைய ஒரு வருடத்தில் 9 பவுனும் வீட்டுக்கு வந்துவிடும். இதற்காக வீட்டுச் செலவில் நீங்கள் ஒன்றையும் குறைக்க வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். வேறு எங்கோ போய்க்கொண்டிருந்த பணத்தின் திசையைத்தான் மாற்றுகிறோம்.

அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் வளைகுடாவிலிருந்து ஆள் வருகிறது என்றால் அக்கா, பிள்ளைகள், மாமனார் என்று பாதிக் குடும்பம் விமான நிலையத்துக்குப் போய் நிற்கும். திரும்பும்போது ஆளும் இருக்கும், கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளும் இருக்கும். உங்களுக்கு மேல் கேரியர் தேவைப்படுவது அந்த இரண்டு நாளுக்கும் வேளாங்கண்ணிக்கும்தான். வருடத்துக்கு மூன்று பயணம். 72,000 ரூபாய் கேரியர் ஆறு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 12,000. கடன் வட்டி முதல் வருடம் 6,800. மூன்று பயணத்துக்குப் பங்கு போட்டால் ஒரு பயணத்துக்கு 6,000 ரூபாய்க்கு மேல். விமான நிலையத்திலிருந்து பெட்டிகளுக்கென்று தனியாக ஒரு டாக்சி பிடித்தாலும் அவ்வளவு ஆகாது.

அதைவிட எளிய வழி, வரவேற்கப் போகும் கூட்டத்தைக் குறைப்பது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் மட்டும் போனால் மூன்றாவது வரிசையை மடக்கலாம், பெட்டியெல்லாம் உள்ளேயே அடங்கும். அத்தானிடம் நேராகவே சொல்லுங்கள்: "அத்தான், இந்தத் தடவை நாங்க மூணு நாலு பேருதான் வாறோம். பெட்டி கூடுதலா இருந்தா சொல்லுங்க, தனி வண்டி பிடிச்சிடலாம், வாடகை நீங்க கொடுத்திடுங்க." அக்கா முகத்துக்காக இத்தனை வருடம் டீசலும் நீங்களே போட்டு ஓட்டியிருக்கிறீர்கள். இதைக் கேட்டு அவர் கோபித்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. கேரியர் போடு என்று சொன்னவருக்கு, அது மனைவியின் நகையை வைத்து வரும் என்று தெரியாது. நீங்கள் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார்.

கடையில் காட்டிய அந்த 72,000 ரூபாய் சாமானைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அது வேண்டவே வேண்டாம். வண்டியின் கையேட்டை எடுத்துக் கூரை தாங்கும் எடை எவ்வளவு என்று பாருங்கள். பல எஸ்.யூ.வி.களில் அது 50-இலிருந்து 100 கிலோவுக்குள் இருக்கும். வண்டி ஓடும்போது தாங்கும் எடை அது, கேரியரின் எடையும் அதில் சேர்த்திதான். 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீளமான இரும்புக் கேரியரும் ஏணியும் 30 கிலோவுக்குக் குறையாது. மிச்சம் 45. விமானத்தில் வரும் பெரிய பெட்டி ஒன்றே 25, 30 கிலோ இருக்கும். ஆக, எந்தப் பெட்டிகளுக்காக வாங்குகிறீர்களோ அதில் இரண்டைக்கூட அதில் ஏற்ற முடியாது.

கூரையில் துளை போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் உடனே வெளியே வந்துவிடுங்கள். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு, கடல் காற்றில் உப்பும் உண்டு. துளை வழியே முதலில் தண்ணீர் கசியும், பிறகு துரு பிடிக்கும். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த ஏர்பேக் கூரை ஓரத்தில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கும், துளை அதன் மேலேயே விழலாம். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவில் சிக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பிடித்துக்கொள்வதும் இந்த மாதிரி வேலைகளைத்தான். மேலே எரியும் எல்.இ.டி. விளக்கு பொதுச் சாலையில் எதிரே வருபவன் கண்ணைக் கூச வைக்கும், போலீஸ் அபராதமும் வரும்.

எண்ணெய்ச் செலவு தனி. கூரையில் பெரிய பெட்டி இருந்தால் நகருக்குள் 2 முதல் 8%, நெடுஞ்சாலையில் 6 முதல் 17% வரை மைலேஜ் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்குச் சொல்கிறது. உங்களுடையது திறந்த கேரியர், 5% என்றே வையுங்கள். வருடம் 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 13, டீசல் 93 என்றால் 85,000 ரூபாய் சொச்சம். அதில் 5% என்பது 4,300. மூன்று பயணத் தேவைக்காக வருடம் முழுக்கக் காற்றை இழுத்துக்கொண்டு ஓடுவதற்கு நீங்கள் கொடுக்கும் பணம் அது.

இவ்வளவுக்குப் பிறகும் வேளாங்கண்ணிக்குப் பாய், மாற்றுத்துணி, பாத்திரம் என்று மேலே வைக்க ஆசை இருந்தால், வழி இருக்கிறது. வெள்ளியில் பாதியை விற்று வட்டி கட்டியது போக மீதிப் பாதி, ஏறக்குறைய 17,500, மிச்சம் இருக்கும். அதை விற்று, அந்தப் பணத்துக்குள் கூரைக்குக் குறுக்கே மாட்டும் அலுமினியப் பார் இரண்டு வாங்கலாம், அதற்கு மேல் போகாதீர்கள். கடையில் தவணை தருவார்கள், "வட்டி இல்லாத் தவணை" என்றும் சொல்வார்கள். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி அதில் போய்விடும், செயல்பாட்டுக் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி.யும் கார்டு பில்லில் தனியாக வரும். ரொக்கம் கொடுத்து வாங்குங்கள்.

வாங்குமுன் வண்டியின் கூரையில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும் ரெயிலைப் பாருங்கள். ரெயிலுக்கும் கூரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் போதும். கூரையோடு ஒட்டியிருந்தால் அதற்கென்று தனிப் பிடி வேண்டும். சில வண்டிகளில் ரெயில் வெறும் அலங்காரத்துக்கு ஒட்டிய பிளாஸ்டிக். கையேட்டில் சுமை அளவு குறிப்பிடவில்லை என்றால் அதில் எதையும் மாட்டாதீர்கள். பாரின் குறுக்குவெட்டு சதுரமாக இல்லாமல் விமான இறக்கை மாதிரி தட்டையாக இருந்தால் இரைச்சலும் காற்று இழுப்பும் குறையும். போல்ட் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும், கழற்றி மாட்டும் சாவி இருக்கட்டும். சன்ரூஃப் இருந்தால் அது திறக்கும்போது பாரில் இடிக்கிறதா, பின்கதவை முழுதாகத் தூக்கினால் தட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வீட்டுப் போர்டிகோவின் உயரத்தையும் ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.

புறப்படும்போது கனமான சாமான் வண்டிக்குள், கால்மாட்டில். மேலே போவது லேசான துணிப்பைகள் மட்டும். கயிறு வேண்டாம், இழுத்து இறுக்கும் ராட்செட் பட்டை வாங்குங்கள். நாகர்கோவில் தாண்டியதும் ஒரு தடவை நிறுத்திக் கிளாம்பைக் கையால் அசைத்துப் பார்த்து இறுக்குங்கள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றத்தை ஒட்டித்தான் போவீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பலமாக இருக்கும், முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். மேலே சுமை உள்ள உயரமான வண்டியைப் பக்கக் காற்று தள்ளும். காவல்கிணறு தாண்டும் வரை அறுபதுக்கு மேல் போகாதீர்கள். ஊர் திரும்பிய மறுநாளே பாரைக் கழற்றிப் பரணில் வைத்துவிடுங்கள்.