அரங்கின் வாசலில் மூன்று நிறச் சீட்டு

நிரலாக்க மாநாடுகளில் பார்வையாளர் கருத்தைப் பெறுவது, படிப்பது பற்றி இம்மாதம் வந்த கேள்விகள்.

கேள்வி: கல்லூரியில் ஒருநாள் நிரலாக்க மாநாடு நடத்துகிறோம். மாலையில் எல்லா உரைகளுக்கும் சேர்த்து ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்புகிறோம். 100 பேர் கேட்ட உரைக்கு ஐந்தாறு பேர்தான் பதில் தருகிறார்கள். வேறு வழி உண்டா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வரும் ஃபார்மை யார் நிரப்புவார்கள்? கருத்தை அரங்கின் வாசலிலேயே வாங்கிவிட வேண்டும். ஓஸ்லோவில் நடக்கும் என்டிசி போன்ற மாநாடுகளில் பச்சை, மஞ்சள், சிவப்புச் சீட்டுகளை வைத்துவிடுகிறார்கள். உரை பிடித்திருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், ஏமாற்றம் என்றால் சிவப்பு. வெளியே போகிற போக்கில் ஒன்றைப் பெட்டியில் போட்டால் முடிந்தது.

ஏ4 வண்ணத்தாளை எட்டாக வெட்டுங்கள். 100 இருக்கை அரங்குக்கு நிறத்துக்கு 13 தாள் போதும். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் சீட்டில் +, 0, − என்று பெரிதாக அச்சிட்டுவிடுங்கள். பின்பக்கம் எழுத இடம் விட்டு, வாசலில் நாலைந்து பேனாவும் வையுங்கள். எண்ணி முடித்ததும் எழுதாத சீட்டுகளை அடுத்த உரைக்கே பயன்படுத்தலாம். எழுதியவற்றை, அரங்கும் நேரமும் முன்கூட்டியே குறித்த உறையில் போட்டுவிட வேண்டும். இந்த உறை தயாராக இல்லாததால்தான் பல இடங்களில் 11 மணி உரையின் சீட்டு 12 மணி உரையோடு கலந்துபோகிறது.

பெட்டிக்குள் இருப்பது வெளியே தெரியக்கூடாது. தன்னார்வலர் இரண்டடி தள்ளி நிற்கட்டும். பேச்சாளரை வாசலில் நிற்கவே விடாதீர்கள். அவர் முகத்துக்கு நேராகச் சிவப்பு போட நம்மவர்களுக்கு மனம் வராது. பின்கதவு இருந்தால் அங்கும் ஒரு பெட்டி வேண்டும். பாதியில் எழுந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள், அவர்கள் கருத்துதான் முக்கியம். உரை தொடங்கி 15 நிமிடத்தில் தலைகளை எண்ணி வையுங்கள். அந்த எண் இல்லாமல் 20 பச்சை என்பதற்குப் பொருளில்லை.

ஃபார்ம்தான் வேண்டும் என்றால் உரைக்கு ஒரு கியூஆர் கோடு வையுங்கள். பட்டியலில் உரையைத் தேடச் சொன்னால் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். கோடு கடைசி ஸ்லைடில், கேள்வி நேரம் முழுக்கத் திரையில் இருக்கட்டும். மாநாட்டு உரைகளை நிர்வகிக்க உதவும் ப்ரீடால்க்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் ஒவ்வொரு உரைக்கும் தனிக் கருத்துப் பக்கம் உண்டு. உரை தொடங்கிய பிறகே அது கருத்தை ஏற்கும்.

கேள்வி: ஓர் உரைக்கு விழுந்த 5 சீட்டும் பச்சை. இன்னொன்றுக்கு 60-இல் 54 பச்சை. சிறந்த உரைக்கான பரிசு யாருக்கு?
— வாசகர், கோவை

பதில்: இரண்டாவதற்கு. 100 விழுக்காடா, 90 விழுக்காடா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எல்லோருமே சீட்டுப் போட்டிருந்தால் பச்சை குறைந்தது எவ்வளவு இருக்கும் என்ற கீழ் எல்லையைப் பாருங்கள். அமெரிக்கக் கணிதவியலாளர் எட்வின் வில்சன் 1927-இல் தந்த சூத்திரப்படி, 95 விழுக்காடு நம்பகத்தோடு கணக்கிட்டால், 5-க்கு 5 பெற்ற உரையின் கீழ் எல்லை சுமார் 57 விழுக்காடு. 60-க்கு 54 பெற்றதற்குச் சுமார் 80. இந்தக் கீழ் எல்லையை வைத்து வரிசைப்படுத்துங்கள். சீட்டுப் போடாமல் போனவர்களின் மனநிலையை எந்தச் சூத்திரமும் சொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம்.

சராசரியை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. 20 பச்சை, 20 சிவப்பு வாங்கிய உரையும் 40 மஞ்சள் வாங்கிய உரையும் சராசரியில் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் பெரும்பாலும் நிகழ்ச்சிப் பட்டியலில் தந்த உரைச் சுருக்கம்தான் குற்றவாளி. ‘தொடக்கநிலை’ என்று போட்டுவிட்டு உள்ளே கம்பைலரின் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) உள்கட்டமைப்பைப் பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சாளரை ஒதுக்காதீர்கள், சுருக்கத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: என் உரைக்கு ‘வேகம் அதிகம்’, ‘மெதுவாக இருந்தது’, ‘திரையில் நிரல் தெரியவில்லை’ என்றெல்லாம் கருத்து வந்திருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?
— வாசகர், சென்னை

பதில்: வேகம் பற்றிய இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்றாவதை ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் சரிசெய்ய வேண்டும். கடைசி வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அதே கதிதான்.

எழுத்தளவுக் கணக்கு எளிது. 1920 பிக்சல் அகலத் திரையில் வரிக்கு 80 எழுத்து நிற்க, ஓர் எழுத்துக்கு 24 பிக்சல் அகலம் கிடைக்கும். சம அகல ஃபாண்ட்களில் அகலம் அளவின் 0.6 மடங்கு என்று கொண்டால் எழுத்தளவு 40 பிக்சல். வரி உயரம் 54 என்றால் 1080 பிக்சல் உயரத்தில் 20 வரிதான் அடங்கும். அதற்கு மேல் நீளும் ஃபங்ஷனைப் பிரித்துக் காட்டுங்கள். நிரல் எழுதும் எடிட்டரின் பக்கப்பட்டியையும், முழு நிரலையும் சிறிதாகக் காட்டும் மினிமேப்பையும் மூடிவிட்டால்தான் முழு அகலமும் கிடைக்கும். விளக்கை அணைக்க முடியாத அரங்கில் கருப்புப் பின்னணி எடுபடாது, வெள்ளைக்கு மாறுங்கள்.

கேள்வி: பேச்சாளரின் உச்சரிப்பையும் உடையையும் கேலி செய்து எழுதியவற்றை அவருக்கு அனுப்பலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: கூடாது. அனுப்பும் முன் ஒருவர் எல்லாவற்றையும் படித்து, கேலிகளை எடுத்துவிட வேண்டும். ‘மைக்கில் கேட்கவில்லை’ என்பது அவருக்குப் போய்ச் சேரட்டும், ‘இவர் தமிழ் சிரிப்பாக இருக்கிறது’ வேண்டாம். உரையில் யாரையாவது இழிவுபடுத்தியதாக யாரேனும் எழுதியிருந்தால் அது கருத்தல்ல, புகார். அன்றே நடத்தை விதிக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். மற்றவற்றை ஒரு வாரத்துக்குள், தலை எண்ணிக்கையோடு சேர்த்துப் பேச்சாளருக்கு அனுப்புங்கள்.