ஜிப்சியைத் தூக்குவதற்கு முன்னால் பட்டையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து, அதுவும் பழைய ஜீப், ஜிப்சி வைத்திருப்பவர்களிடமிருந்து. மழைக்காலம் நெருங்கினாலே லிஃப்ட் போட்டு வண்டியின் உயரத்தைக் கூட்டிவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வந்துவிடும்போல.

கேள்வி: சார், என்னிடம் 2003 மாடல் ஜிப்சி கிங் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின்பக்கம் இடது ஓரமாகச் சாய்ந்து நிற்கிறது. மூன்று இன்ச் லிஃப்ட் போட்டுப் பெரிய டயர் மாட்ட ஆசை. பக்கத்துப் பட்டறையில், பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸில் தொங்கவிடும் சாக்கிளை நீளமாகப் போட்டு ஒரே சாயங்காலத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ஒரே சாயங்காலத்தில் முடியும் என்பது உண்மைதான். அதற்கப்புறம் வண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நேர்கோட்டில் போகுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் அந்தச் சாய்வைப் பேசுவோம். ஜிப்சிக்கு நான்கு சக்கரத்திலும் இரும்பு இலைகளை அடுக்கிச் செய்த பட்டை ஸ்பிரிங்தான், சுருள் ஸ்பிரிங் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய பட்டை தன் வளைவை இழந்து படுத்துவிடும், ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே படுக்கும். சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் அரை இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் லிஃப்ட் பேச்சை ஓரமாக வைத்துவிட்டுப் பட்டையைக் கவனியுங்கள். உங்களுக்கு வேண்டிய உயரத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே வண்டியில் இருந்ததுதான், பட்டை தளர்ந்ததில் போய்விட்டது. நல்ல பட்டை மாட்டினாலே அது திரும்பி வரும்.

கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் துரு பொருக்காக ஏறி இலைகளைப் பிரித்துக்கொண்டு நிற்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை கடல்காற்று படும் எந்த வண்டியிலும் இது இருக்கும். சாக்கிள் செங்குத்தாகத் தொங்காமல் சேசிஸை ஒட்டிப் படுத்திருக்கும். ஆக்சில் மேலே வந்து சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு நேர் கீழே ஆக்சிலில் பெயின்ட் தேய்ந்து பளபளவென்று ஒரு வட்டம் தெரிந்தால், வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் அடி தட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே சாக்கிள் தொங்கும் இடத்தில், சேசிஸில் பற்றவைத்திருக்கும் பிராக்கெட்டைச் சுற்றிச் சின்ன சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டாலோ, ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினாலோ முதல் செலவு அங்கேதான். துருப்பிடித்த பிராக்கெட்டில் லிஃப்ட் மாட்டுவதற்கு மாட்டாமலே இருந்துவிடலாம். 2015 வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால் சேசிஸுக்கு உள்பக்கமும் கை விட்டுப் பார்க்க வேண்டும். வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்து விற்றுவிடுகிறார்கள், உள்ளே யாரும் அடிப்பதில்லை.

இப்போது நீள சாக்கிள். சாக்கிள் பட்டையின் ஒரு முனையை மட்டும்தான் தள்ளுகிறது, அதனால் இரண்டு இன்ச் நீளம் கூட்டினால் வண்டி சுமார் ஒரு இன்ச்தான் உயரும். மூன்று இன்ச் வேண்டுமென்றால் ஆறு இன்ச் கூடுதல் நீளமுள்ள சாக்கிள் போட வேண்டும். அவ்வளவு நீள சாக்கிள் பக்கவாட்டில் ஆடும், வளைவில் வண்டி மிதப்பதுபோல் இருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஜிப்சியில் முன்பட்டையின் சாக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் பட்டையின் முன்முனை கீழே இறங்கி, அதோடு ஆக்சிலும் முன்பக்கமாகக் கவிழும். சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பதால்தான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறது, இந்தச் சாய்வைத்தான் காஸ்டர் என்கிறோம். ஆக்சில் முன்னால் கவிழ்ந்தால் காஸ்டர் குறையும், ஸ்டியரிங் திரும்பிவர மறுக்கும், வண்டி அலையும், அந்த அச்சில் இருக்கும் கிங்பின் பேரிங்கும் தேய்ந்திருந்தால் ஒரு சின்னக் குழியில் இறங்கியதும் முன்சக்கரம் படபடவென்று ஆடும் வாபிளிங் பிடித்துக்கொண்டு நிற்கவே நிற்காது.

என் யோசனை இதுதான். பழைய பட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு இன்ச் உயரம் கிடைக்கும்படி செய்த புதுப் பட்டை செட் நான்கையும் போடுங்கள். மூன்று இன்ச் வேண்டாம், ஜிப்சி அகலம் குறைந்த வண்டி. பழைய பட்டைக்கே வளைவு ஏற்றித் தருகிறேன் என்பார்கள். அதை முறையாகச் செய்ய உலையில் சூடாக்கி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி பதம் ஏற்ற வேண்டும். மூலக்கடை, மாதவரம் பக்கம் லாரிப் பட்டை வேலை செய்யும் இடங்களில் கேட்டுப் பாருங்கள், உலை இருக்கிறதா என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வெறும் சுத்தியலால் அடித்து ஏற்றிய வளைவு சீக்கிரமே இறங்கிவிடும். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி வளைத்தால் அந்த இடத்தில் பதம் போய்ப் பட்டை ஒருநாள் முறியும். பட்டையில் வெல்டிங் வைக்கவே கூடாது.

பட்டை மாற்றினால் கூடவே மாற்ற வேண்டியவையும் உண்டு. ஷாக் அப்சார்பர் அந்த உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் வேண்டும். பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் புதிதாக வேண்டும், பழையதை மறுபடி மாட்ட விடாதீர்கள், ஒரு முறை இறுக்கி நீண்ட போல்ட் அது. பிரேக் ஹோஸைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்து சக்கரம் அந்தரத்தில் தொங்கும்வரை தூக்கச் சொல்லி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி, நீங்களே குனிந்து பாருங்கள். ஹோஸ் விறைத்து நின்றால் நீளமான ஹோஸ் போடாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஆக்சிலுக்கு இன்ஜின் விசையைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்டின் கோணமும் மாறும், குறிப்பிட்ட வேகத்தில் வண்டியின் தரையில் அதிர்வு வந்தால் அதன் மூட்டில் இருக்கும் கிராஸைப் பார்க்க வேண்டும். காஸ்டர் குறைந்திருந்தால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சரிசெய்யலாம், அலுமினியத்தில் வேண்டாம், உடைந்துபோகும், இரும்பில் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. பட்டை முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே முழுசாக இறுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் பதிந்த பிறகு கடைசி இறுக்கு. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள், ஹெட்லைட் வெளிச்சத்தையும் கீழே இறக்குங்கள், எதிரில் வருகிறவர் கண்ணும் கண்தானே.

கேள்வி: இரண்டு இன்ச் லிஃப்ட் போட்டும் ஆக்சிலில் குடம்போல் இருக்கும் டிஃபரென்ஷியல் கல்லில் இடிக்கிறது. மெக்கானிக் ஏமாற்றிவிட்டாரா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: பாவம், அவரைத் திட்டாதீர்கள். பட்டை லிஃப்ட் தூக்குவது பாடியையும் சேசிஸையும்தான். ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது, டயர் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் அதன் உயரமும். டிஃபரென்ஷியல் மேலே போக ஒரே வழி பெரிய டயர். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் வேண்டுமே, லிஃப்ட் அதற்குத்தான்.

கணக்கையும் பாருங்கள். ஜிப்சி கிங்கின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 668 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் 703, 235/75 ஆர்15 போட்டால் 733. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் தரைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கிடைக்கும். ஆக, முதலாவதில் 18 மில்லிமீட்டர், இரண்டாவதில் 33 மில்லிமீட்டர், அவ்வளவே. 235 போட்டால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் உண்மையில் 66-ஐ நெருங்கிப் போய்க்கொண்டிருப்பீர்கள். கியர் விகிதமும் அதே அளவுக்கு மாறுவதால் 1.3 லிட்டர் இன்ஜின் மூலக்கொத்தளம் மேம்பாலம் ஏறுவதற்கே மூச்சு வாங்கும், பிரேக்கும் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும். 215 போதும் என்பது என் கட்சி. பழவேற்காடு பக்கம் மணலில் சிக்குகிறது என்பவர்களுக்கு: டயர் காற்றை 15–18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் லிஃப்ட் இல்லாமலே வண்டி ஏறி வரும், தார் ரோட்டுக்கு வருமுன் நிரப்பிக்கொள்ளுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச்வரை ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம், அப்போது கடற்கரை மணலில் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள்.

கேள்வி: கணேசபுரம் சப்வேயில் மழைத் தண்ணீர் தேங்கினால் லிஃப்ட் போட்ட ஜீப்பில் கடந்துவிடலாமா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: கூடாது. தேங்கிய சப்வேயில் ஆழம் மேலிருந்து பார்த்தால் தெரியாது, தடுப்பு வைத்திருந்தால் வேறு வழியாகச் சுற்றிப் போங்கள். தண்ணீருக்குள் வண்டி நிற்பதும் போவதும் ஏர் கிளீனர் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த வாய் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறினால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய தப்பு, தள்ளி வெளியே கொண்டுவாருங்கள்.

தெருத் தண்ணீரிலேயே போய்வருகிறீர்கள் என்றால், லிஃப்டுக்கு முன்னால் ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் சின்னத் துளைகளான பிரீதர்களுக்கு ரப்பர் டியூப் மாட்டி உயரே கொண்டுபோங்கள், செலவு கொஞ்சம்தான். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். மழை முடிந்ததும் டிஃபரென்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் கலந்த காபி மாதிரி வந்தால் உடனே மாற்றுங்கள். ஓடும் தண்ணீர் என்றால் இரண்டு அடியே பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகப் போதும், உங்கள் ஜீப்பும் அதில் சேர்த்திதான்.

கேள்வி: ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். லிஃப்ட் போட்ட வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் பாஸ் செய்வாரா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சட்டம் உங்கள் பக்கம் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. தேய்ந்த பட்டைக்குப் பதில் அதே அளவில் புதுப் பட்டை போடுவது பழுது வேலை, அதில் பிரச்சினை இல்லை. உயரத்தைக் கூட்டுவது வேறு. சொந்த வண்டிக்குப் பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகத்தான் ஆர்.சி. நீட்டித் தருவார்கள், ஒவ்வொரு முறையும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். மேலே கொருக்குப்பேட்டைக்காரருக்குச் சொன்னதும் இதற்கு உட்பட்டதுதான், வேலையில் கை வைக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்தின்போது கிளெய்ம் சிக்கலாகும்.

கேள்வி: வாங்கும்போதே லிஃப்ட் போட்டிருந்த எம்எம் 540 ஜீப். அம்மாவால் ஏறவே முடியவில்லை. பழைய உயரத்துக்கு இறக்கினால் பணம் வீணா?
— வாசகி, மணலி

பதில்: வீணாகாது. அம்மா தினமும் ஏறுகிற வண்டி என்றால் இறக்கிவிடுவதுதான் சரி, படி மாட்டினால் முதல் அடி சுலபமாகும், உள்ளே குனிந்து நுழைகிற கஷ்டம் அப்படியேதான் இருக்கும். எதைப் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் கட்டை வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு சரியான நீளத்தில் போல்ட் போட்டால் முடிந்தது, ஸ்டியரிங் ராடும் கியர் லிவரும் இடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முன் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் உயரக்கட்டை வைத்திருந்தால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது அது நழுவினால் ஸ்டியரிங் கையில் நிற்காது. பட்டை மாற்றித் தூக்கியிருந்தால் பழைய அளவுப் பட்டை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும், ஆனால் வாங்கும்போது விரிசல் இருக்கிறதா என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். ஷாக் அப்சார்பரையும் பழைய நீளத்துக்கு மாற்றிவிடுங்கள். லிஃப்டுக்குப் போட்ட நீள ஷாக்கை அப்படியே விட்டால் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே அது முழுசாக அமுங்கி அடி தட்டும், ஷாக்கும் போய் அது மாட்டியிருக்கும் பிராக்கெட்டும் போய்விடும்.