‘போர்ட்டபிள்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்கள், என்ன செய்வது?

கேள்வி: ஓசூர் சிப்காட் பக்கம் ஆறு பேராக எம்பெடட் மென்பொருள் எழுதுகிறோம். இதுவரை வாகன உதிரிபாகச் சோதனைக் கருவிகளுக்குத்தான் வேலை. இப்போது பெங்களூரு நிறுவனம் ஒன்று, நீர்மூழ்கிக் கப்பல் ரேடியோவில் விஎல்எஃப் (மிகத் தாழ்ந்த அலைவரிசை) ரிசீவர் பகுதியின் மென்பொருளைக் கேட்கிறது. ஆர்டரில் “போர்ட்டபிளாகவும் ரீயூசபிளாகவும் இருக்க வேண்டும்” (வேறு போர்டுக்கு மாற்றவும், மறுபடி பயன்படுத்தவும் முடிய வேண்டும்) என்று ஒரு வரி, அவ்வளவுதான். இதற்காக எஸ்சிஏ என்ற ரேடியோ மென்பொருள் வரையறை சொல்லும் முழுவதையும் நாங்களே கட்ட வேண்டுமா? எத்தனை நாள் கூடுதலாகக் கேட்பது?

பதில்: கட்ட வேண்டாம். எஸ்சிஏ என்பது அமெரிக்க ராணுவத்தின் ஜேடிஆர்எஸ் என்ற ரேடியோ திட்டத்தில் பிறந்த ரேடியோ மென்பொருள் வரையறை. 2006-இல் வந்த 2.2.2 பதிப்பு கோர்பாவை (மென்பொருள் பாகங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு முறை) கட்டாயமாக்கியது. 2015-இல் வந்த 4.1-இல் அந்தக் கட்டாயம் இல்லை. பாகங்களை ஏற்றி, இணைத்து, ஓட்டி, நிறுத்தும் ஃப்ரேம்வொர்க்கை வழக்கமாக ரேடியோ செய்பவரே தருவார் அல்லது விலைக்கு வாங்குவார். உங்கள் பங்கு அதில் செருகப்படும் ஒரு பாகம். ஆகவே எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், ஃப்ரேம்வொர்க் யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம் நாட்டுக்கென டிஆர்டிஓ 2025-இல் ஐஆர்எஸ்ஏ 1.0 என்ற ரேடியோ மென்பொருள் வரையறையை வெளியிட்டிருக்கிறது. அதன்படி வேண்டுமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பாதி வேலை முடிந்த பிறகு சொன்னால் சிரமம்.

மென்பொருள் போர்ட்டபிளாக வேண்டும் என்று கடற்படை வற்புறுத்தக் காரணம் உண்டு. கப்பல் முப்பது ஆண்டு ஓடும்; அதிலுள்ள பிராசஸர் போர்டு அவ்வளவு காலம் சந்தையில் கிடைக்காது. நம்மிடமோ கப்பல்களும் ஒரே ஊர்ச் சரக்கில்லை. 1986-இல் சேரத் தொடங்கிய ஜெர்மன் வடிவமைப்பு சிசுமார் வகை, அதே ஆண்டில் வந்த ரஷ்ய சிந்துகோஷ் வகை, 2017-இல் தொடங்கிய பிரெஞ்சு வடிவமைப்பு கல்வரி வகை என்று தினுசு தினுசாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரேடியோ மென்பொருள் எழுதினால் பராமரிப்பவர் பாடு திண்டாட்டம். அமெரிக்கக் கடற்படையும் இதே தலைவலிக்குத்தான் தன் பல வகை நீர்மூழ்கிகளுக்கும் பொதுவான ஒரே ரேடியோ அறையை வடிவமைத்தது.

இனி உங்கள் பகுதி. கடல்நீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். 20 கிலோஹெர்ட்ஸ் அலைகூட ஒவ்வொரு 1.8 மீட்டருக்கும் சுமார் 8.7 டெசிபல் இழக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அதே இழப்பு இரண்டரை சென்டிமீட்டரிலேயே வந்துவிடும். அதனால்தான் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற விஎல்எஃப் நிலையம் இருக்கிறது. இந்த அலைவரிசையில் நொடிக்குச் சில நூறு பிட்டுகளுக்கு மேல் போகாது. கரை பேசும், கப்பல் கேட்கும், அவ்வளவே. ‘திரும்பச் சொல்லுங்கள்’ என்று கேட்க வழியில்லை.

இதில் உங்களுக்கு ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. வசதி இது: 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள சிக்னலுக்கு நொடிக்கு 48,000 சாம்பிள் போதும், மேசைக் கணினியின் சவுண்ட் கார்டு வேகம்தான். “வேகம் வேண்டும், அதனால் சிப்புக்கேற்ற அசெம்ப்ளியில் எழுதினோம்” என்ற சாக்கு இங்கே செல்லாது. செயற்கைக்கோள் இணைப்பு, எஃப்பிஜிஏ (வேலைக்கேற்ப உள் இணைப்புகளை மாற்றியமைக்கும் சிப்) என்று போனால் அந்த வாதத்தில் நியாயம் உண்டு. அங்கே போர்ட் செய்வது உண்மையிலேயே கடினம்.

ஆபத்து, பிழை சத்தமில்லாமல் வருவது. நான் சூடுபட்டவன், சொல்கிறேன். பவர்பிசி போர்டில் ஓடிய ரிசீவர் ஒன்றை இன்டெல் போர்டுக்கு மாற்றினோம். செய்தியின் நீளத்தைச் சொல்லும் 16 பிட் எண்ணை நினைவகத்திலிருந்து அப்படியே ஸ்ட்ரக்சருக்குள் நகலெடுத்திருந்தார் முன்பு எழுதியவர். இரண்டு போர்டும் பைட்டுகளை எதிரெதிர் வரிசையில் வைப்பதால் வரிசை புரண்டு, 12 என்பது 3072 ஆனது. ரிசீவர் பழுதானதாகக் காட்டவே இல்லை. மீதி 3060 பைட்டுகளுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. கண்டுபிடிக்க இரண்டு வாரம். ஆகவே வெளியிலிருந்து வரும் எதையும் ஒவ்வொரு பைட்டாகப் பிரித்தெடுங்கள். பிட் ஃபீல்டு (பிட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலையைக் கம்பைலரிடம் விடுவது) வேண்டாம். எண்களுக்கு அளவு குறிப்பிட்ட வகைகளையே வையுங்கள். நேரத்தைக் கணினிக் கடிகாரத்தில் பார்க்காமல், வந்த சாம்பிள்களை எண்ணிக் கணக்கிடுங்கள். அப்போதுதான் பதிவு செய்த சிக்னலை எந்த இயந்திரத்தில் ஓட்டினாலும் அதே விடை வரும்.

சிக்னலைப் பிரித்தெடுக்கும் பகுதிக்கு, சாம்பிள் எங்கிருந்து வருகிறது என்றே தெரியக் கூடாது. போர்டு, டிரைவர், இயங்குதளம் எல்லாம் ஒரு மெல்லிய அடுக்குக்கு அப்பால் நிற்கட்டும். அந்த அடுக்கில் போசிக்ஸ் (இயங்குதளங்களுக்கான பொது வரையறை) அழைப்புகளில் எஸ்சிஏ அனுமதிப்பவை மட்டும். சோதனைக் கருவி செய்பவருக்கு இது புதிதல்ல. உதிரிபாகம் மாறினால் ஃபிக்ஸ்சரைத்தானே மாற்றுகிறீர்கள், பெஞ்சை உடைத்துக் கட்டுவதில்லையே. அலைவரிசை, பாட் ரேட் (சிக்னல் மாறும் வேகம்), ஆண்டெனா ஈடு (ஆண்டெனாவின் குறையைச் சரிக்கட்டும் அளவு) போன்றவை கோடுக்குள் வராமல் தனிக் கோப்பில் இருக்கட்டும். ரீயூஸ் என்பதில் பெரும்பகுதி அந்தக் கோப்புதான். ரகசியக் குறியீட்டை அவிழ்க்கும் வேலை உங்களிடம் வராது. அதற்கான வாசலை மட்டும் விட்டு வையுங்கள்.

நாள் கணக்குக்கு வருவோம். முதல் போர்டுக்கு ஆகும் நாளில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கேளுங்கள். இது என் கைக்கணக்கு. அதைவிட முக்கியம், அந்த ஒற்றை வரியை அளக்கக்கூடியதாக மாற்றி எழுதச் சொல்வது: “ஒரே கோடு, அவர்கள் போர்டிலும் சாதாரண லினக்ஸ் கணினியிலும், ஒப்புக்கொண்ட பதிவு சிக்னலுக்கு ஒரே செய்திகளையும் ஒரே பிழை எண்ணிக்கையையும் தர வேண்டும், மாறுவது அடுக்குக்குக் கீழுள்ள கோப்புகள் மட்டுமே.” லினக்ஸ் கணினியில் முதல் நாளிலிருந்தே ஓட்டிக்கொண்டிருங்கள். கடைசி மாதத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்று விட்டால், நான் கேட்கச் சொன்ன மூன்றில் ஒரு பங்கு போதாது.