அப்பாவின் அழைப்பும் முடிவில்லாத வீடியோவும்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மகனுக்கு 9 வயது, தரம் 4. மகளுக்கு மூன்றரை. கோட்டையில் வேலை முடிந்து நான் வீடு வர ஆறு மணியாகிவிடும். அதுவரை பிள்ளைகள் என் அம்மாவுடன்தான். போன் இல்லாமல் மகள் ஒரு வாய் சோறு வாங்குவதில்லை. மகன் ஸூம் வகுப்பு என்று டெப்பை எடுத்தால் திருப்பித் தருவதில்லை. போன கிழமை நான் அதைப் பறித்தேன். கதவை அடித்துச் சாத்திவிட்டு, “நீங்களும்தானே எந்த நேரமும் பார்க்கிறீங்கள்” என்றான். எல்லாவற்றையும் பூட்டி வை என்கிறார் கணவர். பாவம் பிள்ளைகள் என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?
ஒரு தாய், கொழும்பு 6

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

பூட்டி வைக்க உங்களால் முடியாது. ஆசிரியர் வீட்டுப்பாடம் போடுவது வட்ஸ்அப்பில், வகுப்பு நடப்பது ஸூமில், அப்பாவின் முகம் தெரிவதும் அதே கண்ணாடிக்குள்தான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது நாமேதான் அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தோம். அதனால் முதலில் உங்கள் வீட்டில் போன் செய்யும் வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்ப்பதால்தான் சண்டை வருகிறது.

அப்பாவின் அழைப்பை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஆனால், ஒன்றரை வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறது. ஏனென்றால் மறுபக்கத்தில் இருப்பவர் பிள்ளைக்குப் பதில் சொல்கிறார். கட்டாரில் மாலை ஆறு என்றால் நமக்கு இரவு எட்டரை. அந்த நேரம் அப்பாவுக்கே இருக்கட்டும். குழப்படி செய்த நாளிலும் “இன்றைக்கு அப்பாவோடு கதைக்க முடியாது” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். “சாப்பிட்டியா, படிச்சியா” என்பதோடு அவரும் நிறுத்திவிட வேண்டாம். ஒரு கதைப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அவர் அங்கிருந்து வாசிக்க, மகள் இங்கே புத்தகத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும்.

இனி அந்தச் சண்டைக்கு வருகிறேன். மகன் டெப்பைத் தராததை அடம் என்று நினைக்கிறீர்கள். நம் காலத்தில் நாடகம் அரை மணியில் முடிந்தது, அடுத்தது என்ன என்பதற்கு ஒரு வாரம் காத்திருந்தோம். இன்றைய குறு வீடியோவுக்கு முடிவு என்று ஒன்று இல்லை. விரலைத் தள்ளினால் அடுத்தது. இது சுவையில்லாவிட்டாலும் அடுத்தது சிரிப்பாக இருக்கலாம் என்ற ஆசைதான் விரலைத் தள்ள வைக்கிறது. நம்மையே அது ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறதே, ஒன்பது வயதுப் பிள்ளை எப்படி நிறுத்துவான்? நடுவில் பறித்தால் பிள்ளை வெடிக்கத்தான் செய்யும்.

எனவே முடிவை நீங்கள் செய்து கொடுங்கள், அதுவும் தொடங்கும் முன்பே. “பத்து நிமிடம்” என்று சொல்ல வேண்டாம். “இந்த இரண்டு பாகம்”, “இந்த ஒரு ஆட்டம்” என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். யூடியூப்பில் தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை நிறுத்திவையுங்கள். குறு வீடியோக்கள் இந்த வயதில் வேண்டவே வேண்டாம், இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். பார்த்து முடிக்கும் நேரத்தில் தூரத்திலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “என்ன நடக்குது இதில?” என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்போது கை தளர்ந்திருக்கும். முதல் பத்து நாள் அழுகை வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் செயலியான கூகிளின் ஃபேமிலி லிங்க் இலவசம்தான். நாளுக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும், எந்தச் செயலியை இறக்கலாம் என்பதெல்லாம் அதில் உங்கள் போனிலிருந்தே வைக்கலாம். மகளுக்கு யூடியூப் கிட்ஸில், நீங்கள் தெரிந்தெடுத்தவை மட்டும் வரும்படி செய்யலாம். ஆனால் மகனுக்குத் தெரியாமல் இதைப் போடாதீர்கள். பக்கத்தில் வைத்துக்கொண்டே போடுங்கள்.

ஸூம் வகுப்பு அறைக்குள் வேண்டாம், சாப்பாட்டு மேசையில் நடக்கட்டும், அம்மம்மா நடமாடும் இடத்தில். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் வினாத்தாள்கள் வட்ஸ்அப்பில் வந்து குவியும். காலி வீதியில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். பரீட்சை கடதாசியில்தானே.

மகளின் சாப்பாட்டைப் பற்றி. கண் திரையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்; பசித்ததா, வயிறு நிறைந்ததா என்று பிள்ளைக்கே தெரியாது. பாய் விரித்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுங்கள், அவளுக்கும் ஒரு சின்னத் தட்டு கொடுங்கள். கொட்டட்டும், பரவாயில்லை. இரண்டு மூன்று நாள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். நல்ல சுகத்தோடு இருக்கும் பிள்ளையென்றால் பசி பிறகு தன் வேலையைச் செய்யும். அவள் தமிழில் உங்களோடு கதைக்கிறாளா என்றும் கவனியுங்கள். கார்ட்டூன் ஆங்கிலத்தில் நிறங்களின் பெயரையெல்லாம் சொல்லும் பிள்ளை, “அம்மா, தண்ணி தாங்கோ” என்று கேட்காமல் கையைப் பிடித்து இழுத்தால் தாமதிக்காதீர்கள். பொரளையில் உள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காட்டுங்கள்.

உங்கள் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். வயதான ஒருவர், மூன்றாம் மாடி, இரண்டு பிள்ளைகள், பின்னேரம் முழுவதும். போன்தான் அவருக்கு ஒரே உதவியாள். அதை எடுத்தால் வேறொன்று கொடுக்க வேண்டும். தாயம், கரம் போர்ட், உளுந்து பொறுக்குவது, அவருடைய ஊர்க்கதைகள். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்த இருட்டில் தொடர்மாடிப் பிள்ளைகளெல்லாம் மாடிப்படியில் இறங்கி விளையாடினார்கள். உங்கள் மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பான். பக்கத்து வீட்டுத் தாய்மாரோடு பேசி, கிழமைக்கு இரண்டு பின்னேரமாவது அந்தக் கூட்டத்தை மறுபடி சேர்த்துவிடுங்கள்.

வெளிச்சத்துக்கும் விடுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி, மூன்று வருடத்தில் அவர்களில் சுமார் 30 வீதமானவர்களுக்குக் கிட்டப்பார்வை வந்தது; வழமைபோல் இருந்தவர்களில் சுமார் 40 வீதம். உங்களுக்கோ தண்டவாளத்தைக் கடந்தால் கடற்கரை. கையைப் பிடித்துக் கடவுங்கள். ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலில் ஒரு பட்டம், ஒரு இறால் வடை. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் உங்களுக்கு நடை தூரம்தான்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். விளையாட்டுக்குள் முன்பின் தெரியாத யாராவது மகனிடம் படம் கேட்டால், ரகசியம் பேசினால், அவன் பயப்படாமல் உங்களிடம் சொல்ல வேண்டும். “சொன்னால் டெப் போய்விடும்” என்ற பயம் இருந்தால் சொல்லவே மாட்டான். அப்படி ஏதும் நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

கடைசியாக, அவன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன சொல். அது உங்களுக்கு வலித்திருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. ஆனால் அவன் சொன்னது உண்மைதானே? “நீ சொன்னது சரி, பறித்தது என் பிழை” என்று சொல்லிவிடுங்கள். இரவில் எல்லாப் போனும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே சார்ஜில் இருக்கட்டும், உங்களுடையதும். ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போதே போனைக் கைப்பையோடு வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்து முடியும்வரை அந்த இரண்டு பேரையும் கதைக்க விடுங்கள்.

அன்புடன்,
அக்கா