கேள்வி – பதில்: கிடப்பில் போடப்பட்ட பங்க் படம்

கேள்வி: பெண்களின் பங்க் (ராக் இசையின் முரட்டுத்தனமான, கலகக்கார வகை) இசைக்குழுவைப் பற்றி எண்பதுகளில் எடுக்கப்பட்டு, திரையரங்குகளுக்குச் சரியாக வராமலே போன அமெரிக்கப் படம் எது? அதை இன்று பார்க்க வழியுண்டா?

பதில்: நீங்கள் தேடுவது 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், தி ஃபேபுலஸ் ஸ்டெயின்ஸ்' என்ற படமாகத்தான் இருக்க வேண்டும். லூ ஆட்லர் இயக்கிய இப்படத்தைப் பாரமவுண்ட் நிறுவனம் 1982இல் பெயரளவுக்கு வெளியிட்டுவிட்டுக் கிடப்பில் போட்டது. பதின்வயது டயேன் லேனும் லாரா டெர்னும் குழுவின் பெண்களாக நடிக்க, உடன் பயணம் செய்யும் ஆங்கிலேயக் குழுவில் செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைக்குழுவின் ஸ்டீவ் ஜோன்ஸ், பால் குக், தி கிளாஷ் இசைக்குழுவின் பால் சிமனன் ஆகிய உண்மையான பங்க் கலைஞர்களே இடம்பெற்றிருப்பதால், மேடைக் காட்சிகளில் செயற்கைத்தனம் துளியும் தெரிவதில்லை. திரைக்கதை எழுதிய நான்சி டவ்டின் பெயரைத் திரையில் தேடாதீர்கள். 'ராப் மார்ட்டன்' என்ற புனைபெயர்தான் வரும்.

அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியில் 'நைட் ஃப்ளைட்' என்ற பின்னிரவு நிகழ்ச்சி இதை ஒளிபரப்பியதும், ரசிகர்கள் பதிவு செய்த வீடியோ கேசட்டுகள் கைமாறியதுமே படத்தை உயிரோடு வைத்திருந்தன. 2008இல் ரைனோ நிறுவனம் டிவிடி வெளியிட்டது. மங்கலான பழைய நகல்களைக் காட்டிலும் அதைத் தேடி வாங்குவதே நல்லது. ஆனால் உங்கள் டிவிடி கருவி அதன் மண்டலக் குறியீட்டை (எந்த நாடுகளின் கருவிகளில் வட்டு ஓடும் என்பதைக் குறிக்கும் எண்) ஏற்குமா என்பதை முன்பே விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். 'ஆல் வாஷ்ட் அப்' என்ற மாற்றுப் பெயரிலும் தேடிப் பாருங்கள். பின்னாளில் படமாக்கிச் சேர்க்கப்பட்ட இறுதிக் காட்சி மட்டும், அதுவரை இருந்த கசப்புக்குச் சற்றும் பொருந்தவில்லை என்பது என் கருத்து.