வியர்த்தாலும் தடிப்பு, குளிர்ந்தாலும் தடிப்பு

கேள்வி: வயது 26. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை. உலைப் பக்கம் நின்று வியர்த்தால் மார்பு, முதுகெல்லாம் பொடிப்பொடியாகத் தடிக்கிறது. ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கினால் குளிர்காற்று பட்ட கையும் முகமும் வீங்குகின்றன. மெடிக்கலில் தரும் 2 மாத்திரையில் அடங்கி, மறுபடியும் வருகிறது. ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஊரில் காணாக்கடி என்கிறோமே, அதில் ஒரு வகைதான் இது. சூடோ குளிரோ பட்டதும் தோலில் உள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அரிப்பும் தடிப்பும் அதனால்தான். அந்த டெஸ்ட் கத்தரிக்காய், கருவாடு, தூசு என்று நீளமாகப் பட்டியல் போடும். வியர்வையும் குளிரும் அதில் கிடையாது. அனுப்பி வைப்பவருக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்கு மிஞ்சுவது பத்தியச் சாப்பாடு. குளிர்தான் காரணமா என்று பார்க்க ஓர் ஐஸ் கட்டி போதும்: பிளாஸ்டிக் பையில் போட்டு முன்கையில் 5 நிமிடம் வைத்து, எடுத்து 10 நிமிடம் கழித்து அந்த இடம் தடித்திருக்கிறதா என்று பார்ப்போம். மருத்துவர் முன்னால்தான் செய்ய வேண்டும்.

ஒரே ஒரு நிலையில் ரத்த டெஸ்ட் உதவும். பரோட்டா சாப்பிட்டுச் சில மணி நேரத்துக்குள் ஓடினாலோ பந்து விளையாடினாலோ தடிப்போடு மூச்சுத் திணறி, தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. சும்மா சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, வெறும் வயிற்றில் ஓடினாலும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து. அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. மைதாவும் கோதுமைதான் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அப்படி நடந்திருந்தால், கோதுமைக்கு மட்டும் டெஸ்ட் எடுத்தால் போதும்.

அப்புறம் அந்த 2 மாத்திரை. அதில் ஒன்று பெட்டாமெத்தசோனாக இருக்கலாம், அது ஸ்டீராய்டு. அன்றைக்கு அடக்கும். மாதக்கணக்கில் போட்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் கடலை மிட்டாய் போலக் கிள்ளிக் கொடுக்கிறார்கள், கேட்பாரில்லை. எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! இன்னொன்று, தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரையாக இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டாதீர்கள்.

பிலாஸ்டின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதிய அலர்ஜி மாத்திரைகள் அவ்வளவாகத் தூக்கம் தருவதில்லை. தடித்த பிறகு தேடாமல், மருத்துவர் சொல்லும் காலம்வரை தினமும் போட வேண்டும். போதாவிட்டால் 4 மடங்குவரை அவர் கூட்டுவார். நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

வியர்த்த உடம்போடு கிணற்றில் குதிக்கவே குதிக்காதீர்கள். உடம்பு முழுக்கக் குளிர் பட்டால் ரத்த அழுத்தம் இறங்கி, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரலாம். நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டைகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டைப் பல வாரங்களாகத் தினமும் போட்டிருந்தால் திடீரென நிறுத்தக் கூடாது, அவர்தான் படிப்படியாகக் குறைத்துத் தர வேண்டும்.